இடப்பக்கப் பாரம்

எண்பத்துமூன்றாம் ஆண்டு மாசியில் யாழ்ப்பாணத்துக் கோப்பாய் வளைவில் முத்துக்குமாருவின் பந்தயக் கார் பனையோடு மோதியது. பக்கத்தில் இருந்த கூட்டாளி கனகலிங்கம் அதிலேயே செத்துப்போனான். ஓட்டின முத்துக்குமாருவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சித்திரைப் பந்தயம் வருகிறதென்று மிச்சக் கூட்டாளிகள் கூடிக் காரைத் திருத்தினார்கள். நெளிந்த தகரத்தைத் தட்டியெடுத்து, வேகம் கூட எஞ்சினுக்குப் பெரிய காபுரேற்றர் பூட்டினார்கள். பாரம் குறையட்டுமென்று கனகலிங்கம் இருந்த இருக்கையையும் கழற்றி எறிந்தார்கள். அப்படியும் கார் இடப்பக்கம் சரிந்தே நின்றது. சில்லுக்கு மேலே பாரம் தாங்கும் வில்லுத்தகட்டை மாற்றிப் பார்த்தார்கள். சரிவு மாறவில்லை.

கனகலிங்கத்தின் மனைவி மகாதேவி நீத்துப்பூசணிக்காயோடு வந்தாள்.

"அண்ணை, இதை வெட்டிக் கழிப்புக் கழியுங்கோ. என்ரை மனிசன் காரை விட்டு இறங்கிப் போகட்டும்."

முத்துக்குமாரு காலையில்தான் காரை ஓடிப் பார்த்திருந்தான். முன்பெல்லாம் அந்த வளைவில் வலப்பக்கம் பிரளப் பார்க்கிற கார், இப்போது நிலத்தோடு ஒட்டித் திரும்பியது.

"பந்தயம் முடியட்டும் தங்கச்சி. பிறகு வெட்டுவம்."

பூசணிக்காயை அன்று மத்தியானமே கறி வைத்துச் சாப்பிட்டார்கள்.

பந்தயத்தன்று முத்துக்குமாரு வேகத்தைக் குறைக்காமலே வளைவுக்கு வந்தான். பக்கத்தில், இருக்கையில்லாத வெறுந்தகரத்தில், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி ஒரு கால் உதைத்துக்கொண்டே இருந்தது.