பத்து நிமிட இடைவேளை

படத்தை நடுவில் நிறுத்த வேண்டும் என்று கிருசாந்தி சொன்னபோது கூட்டத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"நிறுத்திவிட்டு?" என்று கேட்டார் கிர்ஸ்ரன்.

"பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைப் போடலாம்."

சில்க்போர்க்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே உள்ள தியேட்டருக்கு முதலாளி கிடையாது. வேலை செய்பவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஊர்ச் சனமே சங்கம் அமைத்து, தங்கள் தங்கள் வேலை முடிந்து வந்து நடத்துகிறார்கள். கொம்மூன் என்கிற நகரசபை அலுவலகத்தில் வேலை செய்யும் கிருசாந்தி இங்கே ரிக்கற் கொடுப்பாள், கோப்பி விற்பாள். தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் கணவன் சுஜிந்தன் புரொஜெக்டர் அறையைப் பார்த்துக்கொள்வான்.

ஞாயிறு பின்னேரக் காட்சிக்குச் சனம் குறைந்துகொண்டே போனது. அந்தக் காட்சியை விட்டுவிடலாமா என்று பேசத்தான் அன்று கூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இவள் இந்தக் கதையைத் தொடங்கினாள்.

என்ன படம் போடுவது என்று தீர்மானிப்பவர் கிர்ஸ்ரன். படம் எடுத்தவர் ஒரே மூச்சில் பார்க்கத்தான் எடுத்திருக்கிறார், நடுவில் ஓட்டை போட நாங்கள் யார் என்று அவர் பொறுமையாக விளக்கினார். கோப்பி கூடுதலாக விற்கலாம்தானே என்று யாரோ முணுமுணுத்தது சுஜிந்தனுக்குக் கேட்டது.

கிருசாந்தி விடவில்லை. "எங்கள் தமிழ் ஆட்கள் அப்படித்தான். இடைவேளை இல்லாமல் ஒரு படத்தை முழுசாக இருந்து பார்க்க எங்களால் ஏலாது."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் சுஜிந்தனுக்குக் காது சுட்டது.

சிரிக்காதவர் சங்கத் தலைவர் பிரேபன் மட்டும்தான். இளைப்பாறிய வாத்தியார், தியேட்டரைத் தொடக்கியவரும் அவர்தான். பாதிப் பேர் வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். இந்தக் குளிர்காலம் மட்டும் செய்து பார்ப்போம் என்று பிரேபன் சொல்ல, முடிவானது.

காரில் ஏறியதும் சுஜிந்தன் தொடங்கினான்.

"ஒரு இடத்தில இருந்து படம் பாக்கத் தெரியாத ஆக்கள் நாங்கள் எண்டு சொல்லிப்போட்டீர், என்ன?"

"ஓம், சொன்னனான்."

"வீட்டில மூண்டு மணித்தியாலப் படத்தையும் அசையாமல் இருந்து பாக்கிற ஆள் நீர். கோப்பி விக்கத்தானே இவ்வளவும்?"

அவள் சீற் பெல்ற்றைப் போட்டாள்.

முதல் ஞாயிறு, நல்ல இடமாகப் பார்த்துச் சுஜிந்தன் படத்தை நிறுத்தினான். விளக்குகள் எரிந்தன. சனம் திகைத்துப்போய் ஆளையாள் பார்த்தது. இது வெட்கக்கேடு என்று சொல்லி ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். 'நான் சொன்னேன்தானே' என்பதுபோல் கிர்ஸ்ரன் கிருசாந்தியைப் பார்த்தார்.

ஆனால் மற்றவர்கள் எழுந்து வந்தார்கள். முழங்காலை நீட்டி மடக்கினார்கள். கழிப்பறைக்குப் போனார்கள், கோப்பி வாங்கினார்கள். ஒரே தெருவில் இருந்தும் ஒருநாளும் கதைத்திராத இரண்டு பேர், படத்தில் யார் குற்றவாளி என்று வாக்குவாதப்பட்டார்கள். மணி அடித்ததும் எல்லாரும் உள்ளே விரைந்தார்கள்.

அடுத்த கிழமை அவர்கள் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த கிழமை, தியேட்டர் பக்கமே வராமல் விட்ட பழைய முகங்கள் வந்தன. ஏன் வராமல் விட்டோம் என்று அவர்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது ஏன் வருகிறோம் என்றும் சொல்லவில்லை. வந்தார்கள், அவ்வளவுதான்.

பனி கரையத் தொடங்கிய ஒரு ஞாயிறு, கடைசிக் கதிரையும் விற்றுப்போய்விட்டது. 'ரிக்கற் முடிந்தது' என்று தொங்கவிட ஒரு பலகை தேடினால், அப்படி ஒன்று இருக்கவேயில்லை. கிர்ஸ்ரன் ஒரு மட்டையில் தன் கையாலேயே எழுதிக் கதவில் ஒட்டினார். குளிர்காற்றில் நின்று, வந்தவர்களிடம் முகமெல்லாம் சிரிப்பாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, வெள்ளிக்கிழமைக் காட்சிக்கும் இடைவேளை விட்டால் என்ன என்று கிருசாந்தியிடம் கேட்டார்.

படம் முடிந்ததும் சனம் கை தட்டியது. இந்த ஊரில் படத்துக்குக் கை தட்டுகிற வழக்கமே இல்லை. மேலே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த சுஜிந்தனுக்கு உடம்பு புல்லரித்தது. தலைவருக்குக் கை கொடுக்க வேண்டும் என்று கீழே ஓடினான்.

பிரேபன் கடைசி வரிசையில் இன்னும் இருந்தார். திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

"வென்றுவிட்டோம்," என்றான் சுஜிந்தன். "ஏன் அழுகிறீர்கள், முடிவு அவ்வளவு சோகமா?"

"சோகம் இல்லை. இந்தக் குளிர்காலம் ஒரு படத்தின் முடிவையும் நான் தவறவிடவில்லை. அதுதான்."

சுஜிந்தனுக்கு விளங்கவில்லை. பிரேபன் பக்கத்துக் கதிரையைக் காட்டினார். அவன் இருந்தான்.

ஒப்பரேசனுக்குப் பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்கிக்கொண்டு இருக்க முடிவதில்லை என்றார் அவர். தலைவரே பாதிப் படத்தில் எழும்பிப் போய், எல்லாரும் பார்க்கத் திரும்பி வருவதா? அதனால் வெளியே போனால் போனதுதான். மூடிய கதவருகே நின்று, மிச்சப் படத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாராம்.

"ஒருநாள் உங்கள் மனைவி கண்டுவிட்டார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில்தான் இடைவேளை வேண்டும் என்றார்."

வெளியே கிருசாந்தியின் குரல் கேட்டது. பிரேபன் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்றைக்கு எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், சுஜிந்தன். சிரித்திருக்க வேண்டியது என்னைப் பார்த்து."