பன்றி வேட்டைக்கு ஒரு ஹெல்மெட்

"இருக்கறதுலயே விலை கம்மியா ஒண்ணு எடு, போதும்" என்றார் ஹோலுப்.

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பை ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

ஹோலுப் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சோளக்காட்டைக் கிளறிப் போடுகிற காட்டுப்பன்றிகளை இருட்டில் போய்ச் சுடும் எங்கள் ஐந்து பேர் குழுவில் அவரும் உண்டு. இந்த வருடம் இருட்டில் பார்க்க ஆளுக்கொரு நைட் விஷன் கருவி வாங்கியாயிற்று. அதைக் கண்ணுக்கு முன்னால் மாட்டிக்கொள்ள ஒரு ஹெல்மெட் வேண்டும். தேர்ந்தெடுக்கிற பொறுப்பு என்னுடையது. பின்னே, டெக்ஸாஸின் இந்த மூலையில் ஆஃப்கானிஸ்தான் போய் வந்தவன் நான் ஒருவன்தானே.

"பஸ் சீட்டுக்கு உறை வாங்கற மாதிரி பேசாதீங்க ஹோலுப். இது தலை சமாசாரம்."

"மரக்கிளை மோதினா தாங்கணும். கருவி முன்பக்கம் இழுக்கும், அதுக்குப் பின்னால கொஞ்சம் எடை வைக்க இடம் வேணும். தலையைத் திருப்பினா ஹெல்மெட் ஆடக் கூடாது. வேற என்ன வேணும் ராய்ஸ்?"

"அடேயப்பா. எந்த வீடியோல பார்த்தீங்க?"

மறுபடியும் சிரிப்பு. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அலமாரியிலிருந்து கறுப்பு ஹெல்மெட் ஒன்றை எடுத்தேன். பம்ப் ஹெல்மெட் என்பார்கள். இடித்துக்கொண்டால் மண்டை உடையாது, அதற்கு மேல் எதற்கும் பொறுப்பில்லை என்று உள்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் தலையில் மாட்டினேன்.

கடைக்காரர் மெர்ல் மாட்டுத் தீவனம் விற்றுப் பழகியவர். ஹெல்மெட் அவருக்கும் புதுசு.

"அங்க நீ போட்டிருந்தது இதேதானா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இதேதான்." இடது காதுக்கு மேல் தட்டிக் காட்டினேன். "அந்தப் பள்ளத்தாக்குச் சண்டையில இங்கதான் குண்டு பட்டுத் தெறிச்சுது. இது இல்லேன்னா இன்னிக்கு நான் இல்ல."

கடை அமைதியானது. அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஃபுட்பால் மேட்ச்ல ராணுவத்துல இருந்தவங்க எழுந்து நில்லுங்கன்னு மைக்ல சொல்றாங்க. ஊரே கை தட்டுது. நம்ம ஹோலுப் மட்டும் வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். நாட்டுக்காக ஒரு நாளாவது எழுந்து நின்னிருக்கீங்களா?"

"முட்டி வலிக்குதுப்பா" என்றார் ஹோலுப்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"அது நிஜமாவே குண்டு தாங்குமா ராய்ஸ்?"

டார்லீன். பேக்கரி நடத்துகிறவள். கோழித் தீவனம் வாங்க வந்திருந்தாள். அவள் மகள் கேசி ஷெரிஃப் அலுவலகத்தில் போலீஸாகச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது.

"அவளுக்குக் குடுத்திருக்கறது ஏதோ பழசு, கனமா இருக்குங்கறா. ஒவ்வொரு தடவையும் அவ திரும்பி வர்ற வரைக்கும் நான் தூங்கறதில்ல. வேற யாராவது சொன்னா நம்ப மாட்டேன். நீ பட்டுப் பிழைச்சவன். மெர்ல், அதுல ஒண்ணு குடு."

ஒரு வார்த்தை போதும். 'டார்லீன், இது வெறும் பிளாஸ்டிக்.' சொன்னால் அந்தப் பெண் பிழைப்பாள். என் குண்டுக் கதை செத்துவிடும்.

நான் என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது. மெர்ல் ஹெல்மெட்டைப் பையில் போட்டார்.

ஹோலுப் அந்தப் பையிலிருந்து ஹெல்மெட்டை வெளியே எடுத்தார். விரல் முட்டியால் தட்டினார். டொக்கென்று பொய்யாகச் சத்தம் வந்தது.

"இது வேண்டாம்மா. இது கிளைக்கும் கம்பிக்கும்தான். குண்டு வந்தா காகிதம் மாதிரி கிழிஞ்சிடும். கேசிகிட்ட இருக்கிற கனமானதையே போடச் சொல்லு. மாத்தணும்னா அவ சார்ஜென்ட்டைக் கேளு."

"ராய்ஸ் சொன்னானே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அங்க போடறது வேற. பார்வைக்கு ரெண்டும் ஒரே அச்சு" என்றார் ஹோலுப். "குண்டு பட்ட நேரத்துல தலைல எது இருந்துதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அவன் மேல தப்பில்ல."

"பாவம்ப்பா நீ" என்று டார்லீன் என் தோளைத் தொட்டாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வெளியே ஹோலுபின் டிரக் வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன்.

"ஹோலுப், நான் நாட்டை விட்டே போகலை. ராணுவத்துல இருந்த ரெண்டு வருஷமும் கான்சாஸ் முகாம்ல துணி துவைச்சேன்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ முதல் தடவை அந்தக் கதையைச் சொன்ன அன்னிலேர்ந்து. நாலு வருஷம் இருக்குமா?"

"அப்புறம் ஏன் ஒரு தடவைகூட..."

"நேத்து வரைக்கும் அது வெறும் கதை. இன்னிக்கு ஒரு பொண்ணு தலைல ஏறப் பார்த்துது."

கதவைத் திறந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறி உட்கார்ந்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீ சொல்ற அதே சமயத்துல, அதே பள்ளத்தாக்குல பதினாலு மாசம் அடிபட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டிருக்கேன் ராய்ஸ். குண்டு பட்ட ஒவ்வொரு தலையும் இன்னும் ஞாபகம் இருக்கு." சாவியைத் திருப்பினார். "அதுல உன்னோடது இல்லங்கறதுல எனக்குச் சந்தோஷம்தான்."