இடப்பக்கம் போன அம்பு

"இதுவும் இடப்பக்கம்தான். இறுதிச் சுற்றுலருந்து என் பேரை எடுக்கச் சொல்லிடுறேன்" என்று அண்ணி வில்லைப் பெஞ்சில் வைத்தாள்.

நாத்தனார் அதை எடுத்து மறுபடி அவள் கையிலேயே கொடுத்தாள். "இன்னும் அரை மணி நேரம் இருக்கு அண்ணி. எய்யுங்க, நான் பாக்குறேன்."

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுபவள். வில்லைத் தொட்டு நாலு வருஷத்தில் இறுதிச் சுற்றுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. ஜெயிக்கும் ஒருவருக்கு மட்டும் தேசியப் போட்டியில் இடம். குறிபார்க்கும் கருவி எதுவும் பொருத்தாத வெறும் வில். கண்ணையும் கையையும் நம்பித்தான் எய்ய வேண்டும். காலையில் ஒழுங்காகப் போன அம்புகள், பயிற்சித் திடலில் இப்போது சொல்லிவைத்தாற்போல் இடப்பக்கமே போயின.

அண்ணன் வேகமாக வந்தான். "இவளை நான் பாத்துக்கிறேன். நீ போய் உன் வேலையைப் பாரு."

"நீ என்னத்தைப் பாத்துப்பே? வில்லுக்கும் ஒட்டடைக் கம்புக்கும் உனக்கு வித்தியாசம் தெரியாது" என்றாள் தங்கை.

அண்ணி எய்தாள். இடப்பக்கம்.

"அண்ணி, பஸ்ஸைத் திருப்புறப்போ ஸ்டியரிங்கையா பாப்பீங்க?"

"ரோட்டைப் பாப்பேன்."

"அப்ப இங்க மட்டும் எதுக்கு அம்பு முனையைப் பாக்குறீங்க? மஞ்ச வட்டத்துல பழைய ஓட்டை ஒண்ணு தெரியுதா? அதை மட்டும் பாருங்க. நாணை இழுங்க, விரல் வாயோரத்துல பட்டதும் விடுங்க. விட்ட உடனே எங்க போச்சுன்னு எட்டிப் பாக்குறீங்க, அதுலதான் கை வெளிய இழுக்குது. அம்பு குத்துற சத்தம் கேக்குற வரைக்கும் அசையவே கூடாது."

முதலில் பத்தடி தூரத்தில் நிறுத்தி எய்ய வைத்தாள். பிறகு இருபது. பிறகு போட்டித் தூரம். கடைசி மூன்று அம்புகளும் மஞ்சளில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

"பேரை எடுத்துடலாமா?"

"போடி" என்று அண்ணி சிரித்தாள்.

இறுதிச் சுற்று கடைசி அம்பு வரை இழுத்தது. அது அண்ணியுடையது. எட்டு எடுத்தால் சமம், ஒன்பது எடுத்தால் வெற்றி. அவள் நாணை இழுத்தாள், விட்டாள், அப்படியே சிலைபோல நின்றாள். 'டொக்' என்று சத்தம் கேட்டது.

ஒன்பது.

அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கியபடி ஓடி வந்தான். அண்ணி அவனைக் கவனிக்காமல், ஒரே ஒரு புள்ளியில் தோற்றுப்போன எதிராளியிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணிக்குக் கண்ணீர் வந்தது.

"அழாதீங்க அண்ணி" என்றாள் அந்த எதிராளி, அவளுடைய நாத்தனார். "அடுத்த வருஷம் விட மாட்டேன்."