சுவரில் இருந்த சீனக் கத்தி

மணிக்கட்டில் கட்டோடு மகள் ஸ்டெல்லா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்குள், அரிவாள்மணை, கத்திரிக்கோல், சவர பிளேடு என்று ஒன்றுவிடாமல் அப்புறப்படுத்தியிருந்தார் தேவசகாயம். காயைக்கூட நறுக்கியே வாங்கிவந்தார். வந்தவள் நேராகப் போய்க் கூடத்துச் சுவரில் அலங்காரமாகத் தொங்கிய சீனக் குத்துவாளைக் கழற்றி அவர் மடியில் வைத்தாள்.

“இத விட்டுட்டீங்களேப்பா.”

“அது சும்மா அழகுக்கு மாட்டினதும்மா. வாங்கும்போதே கூர் கிடையாது.”

டிராகன் செதுக்கிய உறையிலிருந்து அவர் அதை உருவினார். எஃகில் நீரலைபோல் நெளிந்தோடிய வரிகள் விளிம்பை நெருங்கியதும் அழிந்துபோயிருந்தன. அந்த இடம் மட்டும் புதிதாகத் தீட்டியதுபோல் பளபளத்தது. பெருவிரலை லேசாகத்தான் வைத்தார். ரத்தம் துளிர்த்தது.

“தூரமாக் கொண்டுபோயிடுங்கப்பா,” என்றாள் ஸ்டெல்லா. “எங்கன்னு நான் கேட்டாலும் சொல்லாதீங்க.”