கொன்ஸ்ரன்சின் பிரேக்

இன்சூரன்ஸ் கொம்பனியிலிருந்து வந்த ஸமீம், நசுங்கிய காரின் முன் இடது கதவைத் திறந்து குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. சீற்றை விட்டு இறங்கமாட்டேன் என்று மகாராணிபோல அமர்ந்திருந்த, ஒஸ்வால்டின் மனைவி கொன்ஸ்ரன்சின் காலடியில், இருக்கவே கூடாத இடத்தில், ஒரு பிரேக் பெடல் இருந்தது.

“இது என்னத்துக்கு அங்கிள்? காருக்கு ஒரு மாற்றமும் செய்யல்லண்டுதானே போர்ம்ல சொல்லி ஈக்கிறீங்க?”

கேள்வி காரை ஓட்டிய ஒஸ்வால்டுக்கு. விபத்துக்குப் பிறகு அவருக்கு உலகமே மரத்துக் கிடந்தது. இந்தப் பாமன்கடைக் கராஜுக்குள் வரும்போது ஒரு செருப்பு வாசலிலேயே கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல், மற்றச் செருப்போடு மட்டும் வந்து நின்றார்.

விபத்து நடந்தது காலி வீதியில், வெள்ளவத்தை மார்க்கட்டடியில். கைப்பிள்ளையோடு ஒருத்தி திடீரென்று குறுக்கே இறங்கினாள். கார் ஆணி அடித்ததுபோல நின்றது. பின்னால் வந்த மீன் லொறி நிற்கவில்லை. காரின் பின்பாதியை அப்பளமாக்கிவிட்டு, அடையாளத்துக்கு மீன் மணத்தை மட்டும் விட்டுவிட்டு லொறி பறந்துவிட்டது.

சனம் கூடி நின்று, பிள்ளையைக் காப்பாற்றிய தெய்வம் நீங்கள்தான் என்று ஒஸ்வால்டின் கையைக் கழன்று விழுமளவுக்குக் குலுக்கியது. வேறு யாருக்கோ வந்த தந்தியை வாங்குவதுபோல அவர் அதை வாங்கிக்கொண்டார். பிரேக்கை மிதித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. அதிர்ச்சியில் அப்படித்தான் என்றார்கள். கொன்ஸ்ரன்சும் அன்றிலிருந்து ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதுவும் அதிர்ச்சி என்றார்கள்.

ஸமீம் மரியாதையாகத்தான் விளக்கினார். சொல்லாமல் செய்த மாற்றம் என்றால் கொம்பனி கையை விரித்துவிடும். கார் இந்தக் கராஜிலேயே கிடந்து கறள் பிடிக்க வேண்டியதுதான். துறைமுகக் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து, மனைவியை ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குக் கார் ஓட்டிப் போகும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஒஸ்வால்டுக்கு மிச்சம். மற்ற ஆறு நாளும் அதற்குக் காத்திருப்பதற்காகப் படைக்கப்பட்டவை.

காரைக் காப்பாற்ற அவரிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. அதைக் கொன்ஸ்ரன்சின் முன்னால்தான் சொல்லவேண்டியிருந்தது.

கார் வாங்கிய காலத்தில், தனக்கும் ஒரு பிரேக் இல்லாவிட்டால் ஏறவேமாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இதே கராஜ்கார ஜாபிர் நானா, கார் ஓட்டப் பழக்கும் ஒரு பழைய லேனர்ஸ் காரிலிருந்து பெடல் ஒன்றைக் கழற்றி வந்து, எதோடும் தொடுக்காமல், வெறுமனே தரையில் பூட்டிவிட்டார். அன்று தொடங்கியது மிதி. பஸ்ஸுக்கு மிதித்தாள், காகத்துக்கு மிதித்தாள், பொலிஸ்காரனின் நிழலுக்கும் மிதித்தாள். கார் கொள்ளுப்பிட்டியைத் தாண்டுவதற்குள் இருவர் உயிரையும் ஏழெட்டுத் தடவை காப்பாற்றியிருப்பாள்.

ஒஸ்வால்ட் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். கொஞ்சக் காலமாக அவருடைய காலிலும் ஒரு ஞானம் இறங்கியிருந்தது. ஆபத்தை அவர் காணுமுன்னே கார் நின்றது. அந்தப் புகழையும் கொன்ஸ்ரன்ஸே எடுத்துக்கொண்டாள், அவரும் விட்டுக்கொடுத்தார்.

இப்போது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தம்பி, அது சும்மா பெடல். ஒண்டோடயும் கொளுவேல்ல. இவ பயப்பிடாம இருக்கட்டும் எண்டு பூட்டினது.”

கராஜ் அப்படியே நின்றது. சுத்தியல் சத்தம் நின்றது. கூரையில் பல்லிகூட மூச்சைப் பிடித்திருக்கும். கொன்ஸ்ரன்ஸ் மட்டும் நேரே கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள்.

ஸமீம் ஜாபிர் நானாவைக் கேட்டார். ஜாபிர் நானா கொன்ஸ்ரன்சைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கையை இன்னொரு தடவையும் துடைத்தார்.

“ஓ தம்பி. வெறும் ஷோவுக்குத்தான்.”

எதற்கும் ஒருக்கால் மிதித்துக் காட்டச் சொன்னார் ஸமீம். கொன்ஸ்ரன்ஸ் பூவை மிதிப்பதுபோல மிதித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. எரிவதற்குப் பின்பக்கத்தில் லைட் ஏதும் மிஞ்சியிருக்கவுமில்லை.

ஸமீம் சிரித்துவிட்டார். விளையாட்டுச் சாமானை யாரும் மாற்றம் என்று சொல்லமாட்டார்கள், காரைத் திருத்தத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார். தேத்தண்ணி சொல்லப் போன ஜாபிர் நானா, கொழுந்து பறிக்க நுவரெலியாவுக்கே போய்விட்டவர்போலக் காணாமல் போனார்.

ஒஸ்வால்ட் புயலுக்குக் காத்து நின்றார். இத்தனை வருசம் தன்னை ஏமாற்றியவரை அவள் என்ன செய்தாலும் தகும் என்று நினைத்தார்.

கொன்ஸ்ரன்ஸ் இறங்கினாள். வாசலுக்குப் போய், அங்கே கிடந்த செருப்பை எடுத்து வந்து, குனிந்து அவருடைய காலில் மாட்டினாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பெரிய வெள்ளிக்கும் இப்பிடித்தான். செருப்பு கழண்டது தெரியாமச் சுடுற தார் ரோட்டில நடந்தீங்க. சீனி வருத்தம் காலை மரக்க வைச்சுப்போட்டுது எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது.”

ஒஸ்வால்ட் அவளைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார்.

“அடுத்த நாளே ஜாபிர் நானாவைக் கொண்டு அதைக் காரின்ர பிரேக்கோட கொளுவிப்போட்டன்.” அவள் செருப்பின் வாரை இறுக்கினாள். “அந்தப் பிள்ளைக்கு பிரேக் பிடிச்சது நான்.”