காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று

பல் மருத்துவமனை வரவேற்பில் முன்பு உட்கார்ந்திருந்த அக்கா குறும்புக்காரி. கம்ப்யூட்டர் கடிகாரத்தில் மணிக்குப் பக்கத்தில் காலை, மாலை என்று வரவேண்டிய சொற்களை நிரப்பும் இரண்டு கட்டங்களிலும் தன் இஷ்டத்துக்கு எழுதி வைத்திருந்தாள். மதியம் வரை மணிக்குப் பக்கத்தில் 'டீ குடிச்சியா' என்றிருக்கும். பிறகு 'வீட்டுக்குக் கிளம்பு' என்று மாறும். போன மாதம் அக்கா இறந்துபோனாள். அவள் நாற்காலிக்கு வந்த தோழிக்கு அதை அழிக்க மனசு வரவில்லை.

இன்று காலை பத்து மணிக்கே 'வீட்டுக்குக் கிளம்பு' என்றிருந்தது. அவள் வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமனார் மட்டும்தான். போன் செய்தாள்.

"பாப்பா தூங்குதும்மா. நீ வேலையப் பாரு."

டாக்டரிடம் காட்டினாள்.

"இருபத்துநாலு மணி நேரக் கணக்குக்கு மாத்துங்க. அதுல எழுத்தே வராது," என்று சிரித்தார்.

மாற்றினாள். எண்கள் மட்டும் நின்றன. போன உயிர் திரும்பி வந்தது.

ஒருவருக்கு டோக்கன் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள். எண்களுக்குப் பக்கத்தில் 'சீக்கிரம் கிளம்புடி' என்றிருந்தது. அக்கா அவளை மட்டும்தான் 'டி' போட்டுப் பேசுவாள்.

இரண்டு கட்டங்களிலும் இருந்ததை அழித்தாள். திரையில் அது அப்படியே இருந்தது.

"டாக்டர், நான் ஒரு எட்டு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"இவரை மட்டும் அனுப்பிட்டுப் போங்கம்மா."

அவருக்கு ரசீது போட்டு அனுப்பினாள். தோளில் பையை மாட்டிக்கொண்டே மாமனாருக்கு மறுபடி போன் அடித்தாள். ரிங் போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள்.

'பரவால்லடி. இனி அவசரமில்ல.'