முப்பத்தொரு பேருக்கு ஒரே நம்பர்

"புரோக்கர்தான். சந்தேகமே இல்ல. அந்த நம்பரை பிளாக் பண்ணிருங்க" என்றார் டாக்டர் காளீஸ்வரி.

அருப்புக்கோட்டையில் இருக்கும் அவருடைய கண் ஆஸ்பத்திரிக்கு முன்பதிவு வெப்சைட் செய்து கொடுத்தவன் ராஜகுரு. 'நாளை உங்களுக்குக் கண் பரிசோதனை' என்று முந்தின நாளே எல்லோருக்கும் தானாக மெசேஜ் போக வேண்டும். நாலு நாளாகத் திருச்சுழி பக்கத்து ஊர் ஒன்றுக்கு மட்டும் போகவில்லை. என்ன கோளாறு என்று பார்க்க வந்தவன் கண்ணில்தான் அது பட்டது.

அந்த ஊரிலிருந்து இந்த மாதத்துக்கு, நாளுக்கு ஒருவராக முப்பத்தொரு பேர் பதிந்திருந்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் ஒரே செல் நம்பர். ஒரே நம்பருக்கு வேறு வேறு பேரில் மெசேஜ் போய்க்கொண்டே இருந்தால், மெசேஜ் அனுப்பும் கம்பெனி தானாக நிறுத்திவிடும். அதுதான் நடந்திருந்தது.

"மொத்தமா டோக்கனைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஆள் சேர்க்கிறான். பிளாக் பண்ணினா என்ன ஆகும்?"

"முப்பத்தொரு பதிவும் ரத்தாயிரும் மேடம். இனிமே அந்த நம்பரைப் போட்டு யாரும் பதிய முடியாது."

"அதான் வேணும்."

"ஒரு வார்த்தை பேசிப் பார்த்துட்டுச் செய்றேன் மேடம்."

"சீக்கிரம் முடிங்க" என்று டாக்டர் உள்ளே போய்விட்டார்.

ராஜகுரு அந்த நம்பரைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தது ஒரு வயதான குரல்.

"கண் ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன்..."

"வாங்க தம்பி. மெசேஜு நின்னுபோச்சே. நாலு நாளா போனைக் கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

ராஜகுரு அசந்துபோனான். எந்தப் புரோக்கர் தானே வாய்விட்டுப் புகார் சொல்வான்?

"நீங்க யாருய்யா?"

"வீரபத்திரன். திருச்சுழி பஸ்ஸுல முப்பத்திரெண்டு வருசம் கண்டக்டர்."

"ஊரே உங்க நம்பரைக் குடுத்திருக்கே, ஏன்?"

"அவுகளுக்கு மெசேஜு பார்க்கத் தெரியாது தம்பி. எனக்கு வந்தா நான் வீடு வீடாப் போயிச் சொல்லிருவேன். இன்னைக்கு நேத்தா சொல்றேன்? டாக்டரம்மாவோட அப்பா, பெரிய டாக்டரு, சீட்டு எழுதி எங்கிட்டதான் குடுத்து விடுவாக. டிக்கெட் பையில வச்சு, படியில நின்னுக்கிட்டே ஊர் ஊராச் சொல்லிட்டுப் போவேன். 'ஏ சந்தனம்மா, வியாழக்கெழம உனக்குக் கட்டுப் பிரிக்கணும்'னு. ஒரு சீட்டு தவறினதில்ல."

ராஜகுருவுக்குச் சொந்த ஊர் பாலவனத்தம். அவன் பள்ளிக்கூடம் படித்த நாளில் சாயங்கால பஸ் வந்து நின்றால் ஊரே காதைத் தீட்டிக்கொள்ளும். அத்தைக்குப் பிள்ளை பிறந்தது, மாமாவுக்கு வேலை கிடைத்தது எல்லாம் கண்டக்டர் வாய் வழியாகத்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. சொல்லிவிட்டு, கேட்டவர் முகம் மலர்கிறவரைக்கும் அந்த மனுஷன் விசில் ஊத மாட்டார். அந்தக் குரலெல்லாம் எங்கே போயிற்று என்று நினைத்துக்கொண்டான். அதே வேலையை இன்றைக்கு ஒரு மிஷினிடம் ஒப்படைத்தவன் அவன்தான்.

"சரி பண்றேன்யா" என்று போனை வைத்தவன், மறுபடி திரையைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினான்.

எந்தப் போனிலிருந்து பதிவானது என்று வெப்சைட் குறித்து வைக்கும். முப்பத்தொரு பதிவும் முப்பத்தொரு போனிலிருந்து வந்திருந்தன. பேர், வயது, தேதி, நேரம் எல்லாம் பிழையில்லாமல் அடித்துப் பதிகிறவர்களுக்கு ஒரு வரி மெசேஜ் படிக்கத் தெரியாதா? கிழவர் நன்றாகத்தான் கதை விட்டிருக்கிறார். இளகிப்போன தன் மனசு மீதே அவனுக்கு எரிச்சல் வந்தது.

வரவேற்பில் இருந்த துர்காதேவியைக் கேட்டான். "இன்னைக்கு அந்த ஊர்க்காரங்க யாரும் வந்திருக்காங்களா?"

"அந்தா, மாரிக்கனி. அடுத்த டோக்கன் அவங்கதான்."

பெஞ்சில் ஒரு பெண் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தப் போன்லதான பதிஞ்சீங்க?"

"ஆமா தம்பி."

"பிறகு ஏன் வீரபத்திரன் நம்பரைப் போட்டீங்க? உங்களுக்கு மெசேஜ் பார்க்கத் தெரியாதுன்னு பொய் சொல்றாரே அவரு."

மாரிக்கனி சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"அவுக பொய் சொல்லல தம்பி. நாங்கதான் அப்பிடிச் சொல்லி வச்சிருக்கோம். எம் மக காலேஜு படிக்கா. அவளே தெரியாதுன்னுதான் சொல்லியிருக்கா."

"எதுக்கு?"

"சம்சாரம் செத்ததுலருந்து அவுக கதவைச் சாத்திப் படுத்துட்டாக. பிள்ளைகளும் கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டாக, ரோசக்காரவுக. மெசேஜு வந்தா மட்டும் குளிச்சு, சட்டையத் தேச்சுப் போட்டுக்கிட்டு வருவாக. சேதி சொல்ல வந்தவுகளைச் சும்மா அனுப்பக் கூடாதுன்னு உக்கார வச்சுச் சோறு போட்டுருவோம். அதுக்கு மறுக்க மாட்டாக. நாலு நாளா வெளியவே வரல. எங்களுக்கும் கவலையாப் போச்சு."

ராஜகுரு உடனே மெசேஜ் கம்பெனிக்குப் போன் போட்டு, அந்த நம்பருக்கு மட்டும் தடையை நீக்கச் சொன்னான். டாக்டரிடம் தானே பேசிக்கொள்ளலாம் என்று தைரியம் வந்திருந்தது.

துர்காதேவி கூப்பிட்டாள். "மாரிக்கனி, உள்ள போங்க."

"கண்ணுல என்னக்கா பிரச்சினை?" என்று கேட்டான் ராஜகுரு.

"எனக்கென்ன தம்பி, கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றபடி எழுந்தாள் மாரிக்கனி. "இந்த வாரம் டோக்கன் போடுறது எங்க தெரு முறை."